உங்களுக்குத் தோதா

நேற்று மருமகள் பார்சலைப் பிரித்தபோது புதுப் புடவையின் கஞ்சி வாசனை வந்தது. திருச்சி சின்னக்கடைத் தெருவில் இருந்த அந்த ஜவுளிக்கடையின் மேல் எனக்குப் பழைய ஆத்திரமும் வந்தது. பின்னாளில் அதை இடித்தார்கள் என்று கேட்டபோதுகூட நான் வருத்தப்படவில்லை.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சம்பளம் போட்ட மறுநாள், தொழிலாளர் வீட்டுப் பெண்கள் அந்தக் கடை ஜமக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மின்விசிறி முதலாளி பக்கம் மட்டும் சுற்றும், துணி கிழிபடும் சத்தம் ஓயாது, முதலாளியோ யாரையும் எதையும் வாங்கச் சொல்லவே மாட்டார். எனக்கு யூனிபார்ம் துணி எடுக்க வந்த அம்மாவின் கண் ஒரு மாம்பழ நிறப் புடவையில் நின்றதைப் பார்த்துவிட்டு, "அது ஃபோர்மேன் வீட்டம்மா எடுக்கிறதுங்க. உங்களுக்குத் தோதா கீழ் அடுக்குல இருக்கு" என்றார்.

பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள்.

"ஏங்க, ஃபோர்மேன் வீட்டம்மா உடம்பு என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு? அதையே கட்டுங்க" என்றாள் அம்மா.

"அம்மா, என் யூனிபார்ம்?"

"சும்மா இருடி."

முதலாளி வியப்படையவில்லை. பொட்டலம் கட்டும் நூலை முன்பே இழுத்து வைத்திருந்தார். இருந்த பணம் புடவைக்கே சரியாகப் போயிற்று.

பள்ளிக்கூடம் திறந்த அன்று, பழைய பாவாடையில் நின்ற எனக்காக ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கேட்க அம்மா வந்தாள். டீச்சர் முன்னால் கட்டிக்கொண்டு நிற்க அவளுக்கு வேறு நல்ல புடவை இல்லை.

டீச்சர் புடவையைப் பார்த்தார். என் பாவாடையைப் பார்த்தார்.

"உங்களுக்கு மட்டும் எடுத்துக்கிட்டீங்களாம்மா?"

அம்மா தலை குனிந்தாள். நானும் அன்று அவளைத்தான் முறைத்தேன்.