நாலு பள்ளிக்கு ஒரு தொண்டை

எங்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் இருந்தார் என்று சொன்னால் அது கால்வாசி உண்மை. திங்கட்கிழமை எங்களுக்கு, அடுத்த மூன்று நாளும் வேறு மூன்று அரசுப் பள்ளிகளுக்கு. வெள்ளிக்கிழமை எங்கே விழாவோ அங்கே. வாரக் கடைசியில் தொண்டை கம்மி, வீட்டில் பிள்ளைகளைத் திட்டக்கூட வராது என்பார்.

வகுப்பறை கேட்டதற்கு விளையாட்டுச் சாமான் அறையைக் காட்டினார்கள். கீபோர்டில் இரண்டு கட்டை ஊமை. புதுசு கேட்டு ஆறு கடிதம் நானே டைப் அடித்தேன். ஒரு பதில் வரவேண்டுமே! கடைசியில், ஊமைக்கட்டை வரும் இடத்தில் பிள்ளைகளையே பாட வைத்தார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு சின்னப் பெண், அந்த ஒரு சுரத்துக்காகவே திங்கட்கிழமை லீவு போடமாட்டாள்.

பள்ளி அலுவலகத்தில் நான் எழுத்தர். வருஷாவருஷம் மேலிடத்துப் படிவத்தை நிரப்புவது என் வேலை. ‘இசை ஆசிரியர்: உண்டு / இல்லை.’ கால்வாசி என்று எழுதக் கட்டம் கிடையாது. ‘இல்லை’ என்றால் பாட்டு வகுப்பையே தூக்கிவிடுவார்கள். அதனால் ‘உண்டு’ போட்டேன். மற்ற மூன்று பள்ளி எழுத்தர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள்.

வந்தது பாருங்கள் ஓலை! ‘உண்டு’ என்றால் முழுநேரமாம். ஒரே ஆள் நான்கு பள்ளியில் முழுநேரம் வேலை பார்ப்பது எப்படி என்று டீச்சர் மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்க வேண்டும், இல்லையென்றால் வேலை போகும். அவரை நாலு பள்ளிக்கும் போட்ட உத்தரவிலும் இதே அதிகாரியின் கையெழுத்துதான்.

“தப்பு என்மேலதான் டீச்சர். நான் வந்து சொல்றேன்.”

“நீங்க என்னக்கா பண்ணுவீங்க? கட்டம் போட்டவங்களக் கேக்கணும். பேப்பர் குடுங்க.”

ஒரே வரி எழுதினார்: ‘பஸ்ஸில் போய்.’

‘விளக்கம் ஏற்கத்தக்கதல்ல’ என்று பதில் வந்தது. கீபோர்டுக்கு ஆறு கடிதம் போட்டும் வாய் திறக்காதவர்கள், இதற்கு நாலே நாளில் பதில் போட்டார்கள். டீச்சரை நீக்கிவிட்டார்கள். நாலு பள்ளியிலும் பாட்டு நின்றது.

இந்த வருஷப் படிவமும் வந்துவிட்டது, அதே கட்டத்தோடு. நான் பேனாவை எடுத்தபோது அந்தச் சின்னப் பெண் அலுவலக வாசலில் நின்றாள்.

“மிஸ், பாட்டு டீச்சர் இருக்காங்களா?”

“இல்லம்மா.”

“ஏன் மிஸ்?”

மூன்று நாள் என்ன, மூன்று வருஷம் கொடுத்தாலும் அவளுக்கு எழுத்துமூலம் விளக்கம் கொடுக்க மேலிடத்தில் எவனும் இல்லை.