வாய் திறந்தபடி என் வீட்டுக்காரர்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு மகள் வாங்கிவந்த சாமான்களில் எனக்கு மிகவும் பிடித்தது, பல்லிடுக்கில் தண்ணீர் பீச்சும் மெஷின்தான். அவள் தந்த ஏர் ஃப்ரையர் இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது, அதை விடுங்கள். என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்கும். அதனால் காலையில் அவரை வாஷ் பேசின் மேல் குனிய வைத்து நான்தான் பீச்சிவிடுவேன்.

முதலில் மெல்லத் தொடங்கி, பல்லைப் பிடித்திருக்கும் முரசுச் சதை பழகப் பழக வேகத்தைக் கூட்டச் சொன்னார் பல் டொக்டர். எனக்கு எழுத்துத் தெரியாது. வேகத்தைக் காட்ட மெஷினில் எரியும் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஆனால் கூட்டும் நாளைத் தீர்மானித்தது அவருடைய முரசு அல்ல, நாக்கு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் சமையலை அவர் நல்லதென்று சொன்னதேயில்லை.

"இது குழம்போ, சட்டி கழுவின தண்ணியோ?" என்று இரவு கேட்டால், காலையில் ஒரு புள்ளி கூடும். வாய் நிறையத் தண்ணீர் இருக்கையில் மனிதர் திருப்பி ஏச முடியாது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

நேற்று இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்: "இஞ்சேரும், சொதி இண்டைக்கு நல்லாயிருக்கு."

சொதிக்கு உப்புப் போட நான் மறந்திருந்தேன்.

இன்று காலை இன்னொரு புள்ளி கூட்டினேன். அவர் பதறிப்போனார்.

"ஐயோ, நல்லதெண்டுதானே சொன்னனான்!"

"ஓமப்பா. பொய்தான் பல்லிடுக்கில இறுக்கி ஒட்டுறது. ஆ எண்டுங்கோ."