மண்கோட்டைக் காவலனின் தும்மல் மரியாதை

பாலைவனக் கோட்டையில் காவல் நிற்பவருக்கு முதலில் வருவது தாகமில்லை, முதுகு நோவு. ஒட்டுப்பலகைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்து பாருங்கோ, தெரியும்.

எகிப்துப் பாலைவனத்தில் தோண்டியெடுத்த ரோமர் காலக் கோட்டை ஒன்றின் மாதிரி அது. ஆளுயரச் சுவர், உண்மையான மணல். இருக்கிறது மட்டும் இத்தாலியின் பலெர்மோவில், அல்பெர்கேரியாப் பகுதியிலுள்ள எங்கட வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு கண்காட்சி மண்டபத்தில். வேலை பழகச் சொல்லிப் பள்ளிக்கூடம் என்னை அங்கே அனுப்பியது. என்னைப் போல வேலை பழகப் போய், பார்க்க வாற சனத்துக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற என் சகபாடிகளே, உங்களுக்காக ஒரு நல்ல சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்ப தரமாட்டேன். முதலில் மெஷின் பழுதாக வேணும்.

மெஷின் செத்த காலை

பொத்தானை அமத்தினால் கோட்டைக் காவலன் ஒருவனின் குரல் இத்தாலியனில் கதை சொல்லும். அன்றைக்கு அமத்தினால் "கர்ர்ர்" என்றது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஆட்கள் குறைவு. இன்னொரு முறைப்பாடு வந்தால் மேலிடம் மண்டபத்தைப் பூட்டிவிடும் என்று பொறுப்பாளர் ரொசால்பா அம்மா, இங்கத்தைய பேச்சில் சின்யோரா ரொசால்பா, சொல்லியிருந்தா. பூட்டினால் வாசல்காரர் தூரிக்கு வேலை போச்சு. அவருடைய வயதுக்கு வேறு யார் வேலை கொடுப்பினம்? மனுசன் தலையில் கை வைத்துவிட்டார். வெளியிலோ சின்னப் பிள்ளைகளின் வரிசை.

நான் சுவருக்குப் பின்னால் ஊர்ந்து போனேன். ஒருக்கால் கேட்ட குரல் என் தொண்டையை விட்டுப் போகாது. "நான் வடக்கு வாசல் காவலன்! சுடாத மண்கல்லில் கட்டிய சுவர், நாலு மூலைக்கும் கோபுரம், நடுவில் கிணறு. எதிரி வந்தால் பயமில்லை, கிணறு வற்றினால்தான் பயம்!" ஒரு பொடியன் சுவரைத் தட்டி, "நீ குளிக்கிறனியா?" என்று கேட்டான். "குடிக்கிற தண்ணியில் குளித்தால் தளபதி தோலை உரிப்பார்" என்றேன். அவன் ரீச்சரிடம் ஓடினான்.

"ரீச்சர், இந்த மெஷின் உங்கட போனை விடக் கெட்டிக்காரன்!"

இரண்டு சின்யோராக்கள்

தான் ஒரு அடி போட்டதில் மெஷின் திருந்திவிட்டது என்று தூரி சொன்னதைத்தான் சின்யோரா நம்பினா. ஒருநாள் இரண்டு பெரிய பொடியள் கோபுரத்தைச் சுரண்டினாங்கள். காவலன் குரலுக்கு அவங்கள் அசையவில்லை. சின்யோராவின் மூக்குக் குரலில் "கையை எடு!" என்று கத்தினேன். ஓட்டம்! ஆனால் நடைபாதையில் உண்மையான சின்யோரா வந்துகொண்டிருந்தா. நின்று, தன் தொண்டையைத் தடவிப் பார்த்து, தூரியிடம் மெல்லக் கேட்டா.

"இப்ப நான் கதைச்சனானோ?"

ஒற்றைச் செருப்பு

அம்மாவின் கூட்டாளி புஷ்பம் அன்ரிக்குப் பக்கத்து ஊர் பகேரியாவில் ஒரு வில்லாவில் வேலை. லீவு நாளில் ரெயின் பிடித்து வந்தா. நான் உள்ளே இருக்கிறது தெரியாது. பொத்தானை அமத்தினா. எனக்கு அடக்க முடியவில்லை. "வாங்கோ அம்மா, உங்கட பக்கத்து மிளகு மூட்டையெல்லாம் கப்பலில் வந்து இந்த வழியாலைதான் ரோமுக்குப் போனது."

"ஓ, தமிழும் போட்டிருக்கிறாங்கள்" என்று தலையாட்டினாவே தவிர, ஆச்சரியப்படவில்லை.

கோட்டைக்குள் சிப்பாய்கள் கும்பிட்ட சின்னச் சாமியறை இருக்கிறது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஒற்றைத் தோல் செருப்பு. உண்மையில் அது வாசலுக்கு வெளியே இருந்த குப்பைமேட்டில் கிடைத்தது. தோண்டினவைக்குப் பெரிய பொக்கிசமே அந்தக் குப்பைதான். சிப்பாய்கள் என்ன தின்றவை, எதைப் போட்டு நடந்தவை என்று மீன்முள்ளும் தேய்ந்த தோலும்தான் சொல்லிக் கொடுத்தன. அன்ரிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. சாமியறையைக் கண்டா, செருப்பைக் கழற்றினா, கும்பிட்டா. பின்னால் வந்த சுற்றுலாக்காரரும் அதுதான் முறையாக்கும் என்று சப்பாத்தைக் கழற்றிச்சினம். தூரி சப்பாத்து வரிசையைப் பார்த்து முழிக்க, அன்ரி கண்ணாடிப் பெட்டியைக் காட்டினா.

"பாருங்கோ, அந்தச் சிப்பாயும் கழட்டி வைச்சிட்டுத்தான் உள்ளை போயிருக்கிறான். மற்றதை ஆரோ களவெடுத்திட்டாங்கள்!"

தும்மல்

கடைசியில், கண்காட்சியைத் தொடர்வதா நிற்பாட்டுவதா என்று முடிவெடுக்கிற பெரியவர் வந்தார். தூரியின் முகம் சுண்ணாம்பு. நான் உயிரைக் கொடுத்துக் காவல் காத்தேன். பெரியவர் கிணற்றடியில் நின்று கேட்டார், சிரித்தார், "கோடை முடியும்வரை நடத்துங்கோ, அருமையான மெஷின்" என்று சொல்லிவிட்டுப் போனார். தூரி சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தார்.

சின்யோரா மட்டும் மணல் பக்கத்தில் நின்றா. மூக்கில் தூசி ஏறி "ஹாச்ச்!" என்று தும்மினா. இந்த ஊரில் ஒருவர் தும்மினால் பக்கத்தில் நிற்கிறவர் "சலூத்தே" என்று வாழ்த்தாமல் விட்டால் மரியாதைக் கேடு. பிறந்ததிலிருந்து பழகிய வாய், என்னைக் கேட்கவில்லை.

"சலூத்தே!" என்றான் காவலன்.

"கிராட்சியே" என்று நன்றி சொல்லி, நடக்கத் தொடங்கினா சின்யோரா.

நின்றா.

தூரி கூரையைப் பார்த்தார். சின்யோரா திரும்பி வந்து, சுவருக்குக் கிட்டக் குனிந்தா.

"சிப்பாய், நாளைக்கு ஒரு தலையணையும் கொண்டு வா. கோடை முழுக்கக் காவல் இருக்கு. தூரியும் வாசலிலை உன்னோடைதான்."

எந்த எதிரிக்கும் அசையாத கோட்டை, கடைசியில் நல்ல வளர்ப்பால்தான் விழுந்தது.