வட்டத்துக்கு வந்த மவுசு

போன் விற்பது சுலபம். எந்தப் போன் வாங்குவது என்று பக்கத்து வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வருகிறவரிடம் வேறு போனை விற்பதுதான் வேலை. நகைக்கடையோ, துணிக்கடையோ, மருந்துக்கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கெண்டைக்கால் இறுகிப்போன எல்லோருக்கும் இது புரியும். புரியாதவர்கள் ஒரு நாள் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள். மன்னிக்கவும், எனக்கு ஸ்டூல் கிடையாது.

நான் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய செல்போன் கடையில் புரமோட்டர். கடை முதலாளியுடையது, சம்பளம் போன் கம்பெனியுடையது. கம்பெனி கடைக்குள் ஒரு டேபிள் போட்டுக் கொடுக்கும். அந்த டேபிளில் இருக்கும் போன்களை மட்டும் நான் புகழ வேண்டும். எதிர் டேபிள் இன்னொரு கம்பெனிக்கு. அங்கே நிற்பவள் ஜெனிபர், ராயப்பன்பட்டிப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். பகல் முழுக்க ஒருத்தியின் வாடிக்கையாளரை இன்னொருத்தி இழுப்போம். மதியம் அவள் கொண்டுவந்த குழம்பை நானும் என் பொரியலை அவளும் சாப்பிடுவோம்.

போன வருஷம் இரண்டு கம்பெனியும் ஒரே மாதத்தில், ஏறக்குறைய ஒரே விலையில், ஆளுக்கொரு போன் இறக்கினார்கள். உள்ளே இருக்கிற சிப் ஒன்றுதான், பேட்டரி ஒன்றுதான், திரையும் ஒன்றுதான். முதுகில் இருக்கும் கேமராக்களை மட்டும் அவர்கள் வட்டமாக அடுக்கியிருந்தார்கள், நாங்கள் சதுரமாக. வேறு வித்தியாசமே இல்லை என்றுதான் நான் அப்போது நினைத்தேன். கம்பெனி வைத்த பெயர்களில் எழுத்தும் நம்பருமாக என்னென்னவோ இருந்தது. அதை ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. ஒன்று ‘வட்டம்’, இன்னொன்று ‘சதுரம்’. வட்டம் பறந்தது. சதுரம் என்னோடு நின்றது.

நவம்பர் கடைசியில் மதுரையிலிருந்து ஏரியா மேனேஜர் வந்தார். டிசம்பர் முடிவதற்குள் பதினைந்து சதுரமாவது போகாவிட்டால் டேபிளை எடுத்துவிடுவோம், வேண்டுமானால் மதுரையில் வேலை தருகிறோம் என்றார். என் வீட்டுக்காரர் விடியும் முன்பே ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவர். மகள் பத்தாம் வகுப்பு. நான் எங்கே மதுரைக்குப் போவது? டேபிள் போனால் என் வேலையும் போச்சு. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அந்த ஒரு மாதத்தில் நான் கேட்ட பேச்சுகள்தான் இவை.

மச்சானின் பார்வை

முதல் வாரம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வந்தார். கொடிக்கு மருந்தடித்த வாசனை இன்னும் சட்டையில் இருந்தது. புது வீடு கட்டி முடித்து அடுத்த வாரம் பால் காய்ச்சுகிறாராம், அதற்குள் புதுப் போன் வேண்டுமாம். நான் விடவில்லை. கேமராவைக் காட்டினேன், பேட்டரியைக் காட்டினேன், வட்டத்தையும் சதுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பாட்டை ஓட்டிக் காட்டினேன். நடுவில் டீயும் வாங்கிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் மனுஷர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், நல்ல நல்ல கேள்வியாகக் கேட்டார். கடைசியில் எழுந்து எதிர் டேபிளுக்குப் போய் வட்டத்துக்குப் பில் போடச் சொன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏண்ணே, ரெண்டும் உள்ள ஒண்ணுதான்னு நீங்களே ஒத்துக்கிட்டீகளே?” என்று கேட்டுவிட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது, குடித்த டீ ஞாபகம் வந்திருக்கும். கிட்ட வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உள்ள ஒண்ணுதான் தாயி. ஆனா விசேஷத்துக்கு வர்ற எம் மச்சான் உள்ளயா பாப்பாக? முதுகத்தான பாப்பாக!”

இல்லாத ஸ்டாக்

வட்டம் எப்போதும் கிடைக்காது. வாரத்துக்கு ஐந்து, ஆறுதான் வரும். ஜெனியின் டேபிளில் ஒரு நோட்டு இருக்கும்; பெயர் எழுதிவிட்டுப் போனால் வந்ததும் கூப்பிடுவாள். குடோனில் நிறையக் கிடக்கிறது, கம்பெனிதான் சொட்டுச் சொட்டாக விடுகிறது என்று அவளே என்னிடம் சொன்னாள். பக்கத்துக் கூடலூரில் இருந்து ஒரு டீச்சர் அந்த நோட்டைப் பார்க்கவே மூன்று சனிக்கிழமை பஸ் ஏறி வந்தார். மூன்றாவது சனிக்கிழமை அவரை மடக்கினேன். “எதுக்கு டீச்சர் அலையிறீக? அதே போன்தான் இது. இப்பவே கையில வாங்கிட்டுப் போகலாம்.” அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “ஒடனே கெடைக்குதுன்னா யாரும் வாங்கலன்னுதானக்கா அர்த்தம்?”

எனக்கு அப்போதுதான் தொழில் புரிந்தது. அன்றே சதுரத்தை எல்லாம் பெட்டியோடு உள்ளே கொண்டுபோய் வைத்தேன். நானும் ஒரு நோட்டு வாங்கினேன், நாற்பது பக்கம். மேலே சிவப்பு மையில் ‘முன்பதிவு’ என்று எழுதினேன். அடுத்த நாள் ஒருவர் என் டேபிள் பக்கம் வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே “ஸ்டாக் இல்லைண்ணே” என்றேன். “அப்படியா, சரிம்மா” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் ஹெட்போன் கேட்க வந்தவராம். நாலு நாள் என் நோட்டு வெள்ளையாகவே கிடந்தது. ஐந்தாம் நாள் நான் பெட்டிகளைத் திரும்பத் தூக்கிவந்தபோது ஜெனிதான் கைகொடுத்தாள். தூக்கிக்கொண்டே சொன்னாள்: “இல்லைன்னு சொல்றதுக்கு, மொதல்ல ஒருத்தராவது வேணும்னு வரணும்லக்கா?”

ஜீப்பிலிருந்து விழுந்த போன்

டிசம்பர் பாதியில் ஊரெல்லாம் ஒரு கதை ஓடியது. கம்பம்மெட்டு மலையில் ஓடுகிற ஜீப்பிலிருந்து ஒரு வட்டம் விழுந்ததாம், பின்னால் வந்த வண்டி மேலேயே ஏறியதாம், எடுத்துப் பார்த்தால் ரிங் அடித்துக்கொண்டிருந்ததாம். சபரிமலைக்கு மாலை போட்ட சாமிகள் சார்ஜர் வாங்க வந்த இடத்தில் எனக்கே இந்தக் கதையைச் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் விழுந்தது வட்டம் இல்லை, சதுரம். ஜீப் என் வீட்டுக்காரருடையது. போன் நான் வாங்கிக்கொடுத்தது. வண்டி ஏறவும் இல்லை, புல்லில் விழுந்து கிடந்தது. ஆனால் நல்ல உயரத்திலிருந்து விழுந்தது.

மறுநாள் அவரைக் கடைக்கே வரச் சொன்னேன். மலையிலிருந்து இறங்கிய மண்ணோடு வந்து நின்றார். அந்த நேரம் ஜெனி டேபிளில் ஒரு பையன் தன் சிநேகிதர்களுக்கு அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் போன் பதினெட்டாவது வளைவிலிருந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. உறையைக் கழற்றி, ஓரம் நசுங்கிய சதுரத்தை அவன் கையில் கொடுத்தார். “விழுந்தது இதுதாம்ப்பா. நான்தான் எறங்கி எடுத்தேன்.” பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிஜமாகவே அசந்துபோனான். நான் பில் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அவன் சிநேகிதர்கள் பக்கம் திரும்பினான்: “ஏலே, சதுரமே இம்புட்டுத் தாங்கியிருக்குன்னா வட்டம் எம்புட்டுத் தாங்கும்னு பாத்துக்கங்கடா!”

பச்சை

வட்டத்துக்கு உண்மையில் எதனால் இத்தனை மவுசு என்று எனக்குத் தெரியவைத்தவர் ஒரு அம்மா. மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம், கீழே கம்பத்தில் வீடு. எங்கள் பக்கம் ஏலக்காய் விற்கிறவர்களுக்கு இப்போது ஒரு வழக்கம். காய வைத்த காயில் ஒரு கை அள்ளி, வெள்ளை வேட்டியில் பரப்பி, போட்டோ எடுத்துப் போடியில் இருக்கும் வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். காய் எவ்வளவு பச்சையோ அவ்வளவு விலை. படத்தைப் பார்த்து வியாபாரி பேச்சை ஆரம்பிப்பார்.

அந்த அம்மா முந்தானையில் முடிந்துவந்த காயை என் டேபிளில் கொட்டினார். கடை முழுக்க மணத்தது. சதுரத்தில் ஒன்று, வட்டத்தில் ஒன்று எடுக்கச் சொன்னார். எடுத்தேன். சதுரத்தில் காய், டேபிளில் எப்படிக் கிடந்ததோ அப்படியே இருந்தது. லேசாகப் பழுத்த நிறம், இரண்டு காய் வெடித்திருந்தது. வட்டத்தில் அதே காய், இப்போதுதான் செடியிலிருந்து பறித்த மாதிரி பச்சைப் பசேலென்று மின்னியது. அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு முகம் விழுந்துவிட்டதைக் கவனித்து, ஆறுதலாக என் கையைத் தட்டிக் கொடுத்தார். “ஒன் போனு உள்ளதச் சொல்லுது ஆத்தா. உள்ளதச் சொன்னா நமக்கு யாரு வெல தருவா?”

சிவந்த கண்

டிசம்பரில் நான்கு நாள் மிச்சம். நான்கு சதுரம் போயிருந்தது. அதில் ஒன்றை வாங்கியவர் என் கொழுந்தன். அது இரக்கம், விற்பனை இல்லை. வீட்டில் சொல்லிவிட்டேன், ஜனவரியில் நான் இருக்க மாட்டேன் என்று. மகள் டியூஷனை நிறுத்திவிடலாமா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குத் தாங்கவில்லை.

அன்று மத்தியானம் போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி வந்தார். வெள்ளை வேட்டி, பைக்குள் காகிதப் பொட்டலம். அவரும் டேபிளில் காயைக் கொட்டினார். இது எனக்குப் பழகிவிட்ட காட்சி. நானே சலிப்போடு எதிர் டேபிளைக் காட்டினேன், “வட்டம் அங்கன இருக்குங்க.” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்த வட்டத்தாலதான் இந்த வருஷம் ஏமாந்து நிக்கேன். படத்துல கிளிப்பச்சையா அனுப்புறாக, மூடையப் பிரிச்சா வைக்கோல் நெறத்துல கெடக்கு. எங்க ஆளுக பன்னெண்டு பேரு தோட்டம் தோட்டமாப் போயி காய் பாக்குறாக. அவுகளும் வட்டத்த வச்சுத்தான் எடுத்து அனுப்புறாக. எனக்கு உள்ளதக் காட்டுற போனு வேணும்.”

சதுரத்தில் எடுத்தேன். படத்தையும் காயையும் அவர் கண்ணாடி போட்டு, கண்ணாடி கழற்றி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பிவந்து பன்னிரண்டு கேட்டார். நான் பெட்டி எடுக்க உள்ளே போனேன். போன இடத்தில் அழுகை வந்துவிட்டது, சத்தமில்லாமல் அழுதேன். ஜெனி வந்து பார்த்துவிட்டு என் பெட்டிகளை எண்ணித் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தாள். எதிர்க் கம்பெனி சட்டையோடு அவள் என் போன்களைச் சுமந்துபோனதை நான் மறக்க மாட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் வந்தேன். வியாபாரி, பணம் எடுத்த கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, என் முகத்தை உற்றுப் பார்த்தார்: “என்னத்தா, கண்ணு செவந்திருக்கு? போனுல ஏதும் குத்தம் இருக்கோ?”

மறுபடியும் இல்லை

பொங்கலுக்கு முன்னால் மேனேஜர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். டேபிள் இருக்கும் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு பெட்டியைத் திறந்து எங்கள் புது மாடலைக் காட்டினார். முதுகில் கேமரா வட்டமாக இருந்தது. பச்சையெல்லாம் இதில் இன்னும் பச்சையாக வரும் என்றார் பெருமையாக. சதுரம் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். உள்ளதைக் காட்டுகிறது என்றுதானே சார் பன்னிரண்டு போச்சு என்றேன். “பன்னெண்டும் ஒரே ஆளுதானே மேடம்?” என்று சிரித்துவிட்டு மதுரை பஸ்ஸைப் பிடித்தார்.

அடுத்த வாரம் போடி வியாபாரியின் ஆள் வந்து இன்னும் இரண்டு சதுரம் கேட்டார். கடையில் இருந்ததும் தீர்ந்துவிட்டது, இல்லை என்றேன், இனி வரவே வராது என்றேன். இந்தத் தடவை அது சுத்தமான உண்மை. ஜெனி டேபிளில், ஒருவழியாகக் கிடைத்துவிட்ட வட்டத்துக்குத் திரைக் கண்ணாடி ஒட்டக் கொடுத்துவிட்டு கூடலூர் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். காது என் பக்கம் திரும்பியது. பிறகு ஆளே திரும்பினார். “வரவே வராதா? அப்ப அதுல ஒண்ணுக்கு எம் பேர எழுதி வைங்கக்கா!”

என் நாற்பது பக்க நோட்டில் இப்போது பதினேழு பேர் காத்திருக்கிறார்கள், கம்பத்தில் இன்றைய தேதிக்குச் சதுரத்தைப் போல மவுசு உள்ள போன் வேறு கிடையாது, விற்கத்தான் ஒன்றும் இல்லை.