கோவிந்தம்மாவை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திய பயணம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வேலை மாறிப் போகும் ஒரு வாசகி, பஸ் வசதியா ரயில் வசதியா என்று கேட்டிருந்தார். கூடவே, முதல் நாளே எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமாம், அதுதான் பயமாக இருக்கிறதாம். இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்கு ஒரு பழைய பயணம் இருக்கிறது.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எல்லைக் கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாமல் இருந்த வருடங்கள். சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் தற்காலிகத் தட்டச்சர். மிஷன் பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் வரும். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. அலுவலகத்தில் தமிழில் பேசினால் தெலுங்குக்காரர்களுக்கு முகம் சுண்டும், தெலுங்கில் பேசினால் தமிழர்களுக்கு. அதனால் பக்கத்து மேஜைக்காரரிடம் மசிப்புட்டி கேட்கக்கூட ஆங்கிலம்தான்.

வடக்கேயிருந்து ஓர் அதிகாரி எல்லையோர ஊர்க்காரர்களை விசாரிக்கத் திருப்பதிக்கு வந்திருந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. வருகிறவர்களை அறிமுகப்படுத்த எங்கள் தலைமை எழுத்தர் சுப்பராயுடு போனார். பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்க நான்.

காலை ரயில். அப்போது மீட்டர் கேஜ். தூரம் என்னவோ எழுபது கிலோமீட்டர்தான், வண்டி அரை நாளைத் தின்றுவிடும். பாகாலாவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது இட்லி சாப்பிட்டோம். எதிரே இருந்தவர் என்னிடம், “எந்த ஊரும்மா?” என்றார். சித்தூர் என்றேன். “சித்தூரு இப்ப எந்தப் பக்கம்னு சொல்லிக்கினு இருக்காங்க?” என்று அடுத்த கேள்வி. தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

சுப்பராயுடு வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். ‘அலௌ மீ டு பிரசன்ட்’ என்று ஆரம்பித்து, சன்னலுக்கு வெளியே தெரிந்த பாறைகளுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். “பெரியவங்களுக்குச் சின்னவங்கள அறிமுகம் செய்யணும், மாத்திச் செஞ்சா அவமரியாத. கவனம் அம்மாயி” என்றார். அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

திருப்பதியில் பயணியர் பங்களாவின் வேப்பமரத்தடியில் பிச்சாட்டூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் கோவிந்தம்மா ஒருத்திதான் பெண். நாற்பது வயதிருக்கும். கூட அவள் கொழுந்தன் முனுசாமி. பேசப்படுகிற கோடு அவள் வீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே போகிறது என்று ஊரில் பேச்சு. வீடு ஒரு மாநிலம், கிணறும் நிலமும் இன்னொரு மாநிலம்.

என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தன் பேரைச் சொன்னவள், “உள்ள போனா என்னியப் பத்தி இங்கிலீசுல இன்னா சொல்லுவாங்க?” என்று கேட்டாள்.

சுப்பராயுடுவின் வாக்கியம் எனக்கு மனப்பாடம். “காலஞ்சென்ற கண்ணையனோட சம்சாரம்னு சொல்லுவார்.”

“நெலம் அவருது இல்லியே. எங்க நைனா எனக்குக் குட்த்தது. அப்படிச் சொன்னா அந்த தொரை இவங்கிட்டதான பேசுவாரு?” என்று கொழுந்தனைப் பார்த்தாள்.

முனுசாமி கெட்டவன் இல்லை. “கோடு எங்க விழுந்தா இன்னா அண்ணி, நெலத்த நான் பாத்துக்கறேன்” என்றான். அவள் பயந்ததே அதற்குத்தான்.

சுப்பராயுடுவிடம் போய்ச் சொன்னேன். “ஆம்பள பேரச் சொல்லி அறிமுகம் செய்யறதுதான் மரியாத. இங்கிலீஷ்ல அப்படித்தான்” என்று முடித்துவிட்டார். என் வேலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் சொல்லித்தான் நீட்டிக்கப்படும். நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே அவள் சொன்னபடியே நடந்தது. சுப்பராயுடு ஒத்திகை பார்த்ததைப் பிசகில்லாமல் சொன்னார். அதிகாரி தலையசைத்துவிட்டு, எந்த மாநிலம் வேண்டும் என்று முனுசாமியிடம் கேட்டார். கேள்வியைச் சுப்பராயுடு தெலுங்கில் சொல்ல, முனுசாமி, “எங்க குடும்பத்துக்கு எந்தப் பக்கமானாலும் சம்மதம்ங்க” என்றான். கோவிந்தம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினார்.

பென்சிலைக் கீழே வைத்தேன். “சார், இவங்களை இன்னொரு தடவை அறிமுகம் செய்யலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் நிமிர்ந்தார். எனக்கு வந்தது இரண்டே வாக்கியம்: “திஸ் இஸ் கோவிந்தம்மா. தி லேண்ட் இஸ் ஹர்ஸ்.”

கோவிந்தம்மா அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்து, “இன்னா சொன்ன?” என்றாள்.

“நீங்க கோவிந்தம்மா, நிலம் உங்களுதுன்னு சொன்னேன்.”

“அதான்” என்றாள். பிறகு பேசினாள். பாதி தமிழ், பாதி தெலுங்கு. வீடு எந்த மாநிலமானாலும் நிலமும் அதிலேயே இருக்க வேண்டும், ஒற்றைப் பொம்பளை பட்டாவுக்கு ஓர் ஊரும் வரிக்கு ஓர் ஊரும் அலைய முடியாது என்றாள். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொண்டார். நடுவில் நிறுத்தி, “நீங்கள் யார்?” என்று என்னைக் கேட்டார். அதுவரை என்னை யாரும் அறிமுகப்படுத்தவே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சுப்பராயுடு எழுந்தார். “மிஸ் எஸ்தர், சார். மை கொலீக்” என்றார். அலௌ மீ எதுவும் இல்லை.

திரும்பும்போது பின்னால் இன்னொரு வண்டியும் இருந்ததால் சந்திரகிரியில் இறங்கி, கோட்டைக்குள் இருக்கும் அரண்மனையைப் பார்த்தோம். படியில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் என்னைக் கொலீக் என்று சொன்னீர்கள் என்று சுப்பராயுடுவைக் கேட்டேன்.

“டெம்பரரி டைப்பிஸ்டுன்னு சொல்லியிருந்தா, நீ சொன்னத அவர் எழுதியிருக்க மாட்டாரு. அதுக்குத்தான். ரொம்பப் பெருமப்பட்டுக்காத” என்றார். பிறகு, “அந்தம்மா பேரு எனக்குத் தெரியவே தெரியாது” என்றார், மலையைப் பார்த்துக்கொண்டே.

என் வேலை நீடித்தது. கோடு விழுந்தபோது கோவிந்தம்மாவின் வீடும் நிலமும் சேர்ந்தே ஆந்திரத்தில் வந்து நின்றன. அவள் பேசியதால்தானா, அது அப்படித்தான் விழ இருந்ததா, எனக்குத் தெரியாது.

இனி வாசகிக்கு. சித்தூரிலிருந்து பஸ்ஸில் போங்கள். அடிக்கடி கிடைக்கும், இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரு ஞாயிறு சந்திரகிரிக்குப் போய் வாருங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால். எல்லைப் பக்கத்து ஆட்களிடம் தமிழா தெலுங்கா என்று கேட்காதீர்கள்; ஊர் எது என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

முதல் நாள் உங்களைப் பற்றிப் பேரும் செய்யப்போகிற வேலையும் சொன்னால் போதும். அதற்குப் பெரிய ஆங்கிலம் வேண்டாம். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு, வேறு ஒருவரை அவருக்குத் தெரியாத மொழியில் அறிமுகப்படுத்த வேண்டிய நாள் உங்களுக்கும் வரும். தன்னை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரிடமே முதலில் கேளுங்கள். சொல்லி முடித்ததும், என்ன சொன்னீர்கள் என்பதை அவர் மொழியில் அவரிடம் சொல்லுங்கள். ஒரு நிமிடம் பிடிக்கும். அறையில் இருப்பவர்கள் காத்திருக்கட்டும்.