இருபத்தைந்தாம் எண் கல்லூரி

எடமலைப்பட்டி புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சர், பட்டப்படிப்பே முடித்ததில்லை என்று அர்த்தம் வரும்படி ஒரு கடிதம் போனது. கையெழுத்து போட்டது வேறொருவர். காரணம் நான்.

நான் வேலை பார்ப்பது தில்லைநகரில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். நாலே பேர் உள்ள கம்பெனி. போன வருஷம் ஒரு தேர்வு அலுவலகம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. அவர்களுடைய பழைய தேர்வு முடிவுகளெல்லாம் ஒரு காலத்தில் மெயின்பிரேம் என்ற பழைய பெரிய கம்ப்யூட்டரில் இருந்தவை. அந்த கம்ப்யூட்டர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. டேப்பிலிருந்து எடுத்த நகல் மட்டும் ஒரு யூனிக்ஸ் சர்வரில் கிடந்தது. திறந்து பார்த்தால் ஒரு வார்த்தை புரியாது. அதைப் படிக்கும்படி மாற்றித் தர வேண்டும். யாராவது சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்டால், பதிவெண்ணைத் தட்டியதும் பெயரும் மதிப்பெண்ணும் வர வேண்டும்.

எங்கள் முதலாளி சொல்லி முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

புரியாமல் போனதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இன்றைய கம்ப்யூட்டர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கின்றன; மெயின்பிரேம் வேறு எண் வைத்திருந்தது. அந்த ஏற்பாட்டுக்கு எப்சிடிக் என்று பேர். யூனிக்ஸில் டிடி என்றொரு பழைய கட்டளை உண்டு. அது ஓர் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டாக, அதாவது ஓர் எழுத்து அளவாக, மாற்றிக்கொண்டே போகும். ஒரு மாணவரின் பதிவு நூற்றிருபது பைட் என்று சொல்லிவிட்டால், நூற்றிருபதுக்கு ஒரு தரம் அடுத்த வரிக்கும் போய்விடும். முதல் தடவை தட்டியபோது திரை முழுக்கப் பெயர்கள் இறங்கின. என் அம்மா வயதுப் பெயர்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவனைத் திருப்பி இழுத்து அவனையும் பார்க்க வைத்தேன். அவன் மண்ணச்சநல்லூர்க்காரன், என்னோடு சேர்ந்தவன், வீட்டில் அரிசி மில்.

"பேரு வந்துடுச்சு. நம்பர் எங்க?" என்றான்.

அதுதான் சிக்கல். டேப்போடு வந்த இரண்டு பக்க ஜெராக்ஸில் விளக்கம் இருந்தது. பெயரும் மதிப்பெண்ணும் எழுத்தாக இருக்கும். பதிவெண் அப்படி இருக்காது. இடத்தை மிச்சம் பிடிக்க, இரண்டிரண்டு இலக்கமாக ஒரு பைட்டுக்குள் அடைத்திருப்பார்கள். பதிவெண் ஏழு இலக்கம்: வருஷத்துக்கு இரண்டு, கல்லூரிக்கு இரண்டு, வரிசை எண்ணுக்கு மூன்று. நாலு பைட்டில் அடங்கிவிடும். அதை எழுத்து என்று நினைத்து அட்டவணையில் போட்டால் கண்டதெல்லாம் வரும்.

முறையாகச் செய்வதென்றால், முதலில் கோப்பை நூற்றிருபது பைட் துண்டுகளாக வெட்ட வேண்டும். பிறகு எழுத்தை மட்டும் மாற்றி, எண்ணை அப்படியே பிரித்தெடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அட்டவணை ஒன்றுக்கு ஒன்று; போன வழியே திரும்பி வரலாம். ஆகவே மொத்தத்தையும் டிடியில் போட்டேன். வரி வரியாகப் படித்து, பதிவெண் இருந்த நாலு பைட்டை மட்டும் அட்டவணையைத் திருப்பிப் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். எண்கள் சரியாக வந்தன. அரை நாளில் வேலை முடிந்தது. இதை நான் யோசித்தது பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

நூற்றிருபது எழுத்துக்குக் குறைந்த வரிகளும் கொஞ்சம் வந்தன. டேப் பழசு, சில இடம் படிக்க முடியவில்லை என்று அலுவலகத்திலேயே சொல்லியிருந்தார்கள். அந்த வரிகளைத் தள்ளிவிட்டு, அறிக்கையில் "டேப்பில் பழுதடைந்திருந்த பதிவுகள் நீக்கப்பட்டன" என்று எழுதினேன்.

"தள்ளினத எங்க போட்ட?" என்று மண்ணச்சநல்லூர்க்காரன் கேட்டான்.

"எங்கயும் போடல. குப்பைதானே."

"எங்க மில்லுல தவிடு, குருணை எதையும் தூக்கி எறிய மாட்டோம். ஒரு ஃபைல்ல ஒதுக்கி வையேன், சோறா கேக்கப்போகுது?"

அவன் வாயை அடைக்க ஒதுக்கி வைத்தேன். கோப்புக்குக் 'குப்பை' என்றே பேர். மூலக் கோப்பை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. படிக்கும்படி மாற்றிய பிறகு படிக்க முடியாதது எதற்கு என்று அழித்துவிட்டேன். அலுவலகமும் அந்தப் பழைய சர்வரைக் கழித்துவிட்டது.

ஏழெட்டு மாதம் கழித்து, அச்செடுக்க ஒரு பொத்தான் சேர்ப்பதற்காகத் தேர்வு அலுவலகம் போயிருந்தேன். சரிபார்ப்புப் பிரிவில் இருந்த அம்மா என்னைப் பார்த்ததும், "ஏம்மா, நல்ல நேரத்துல வந்த" என்று எதிரே உட்கார்ந்திருந்தவரைக் காட்டினார். காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் பிளாஸ்டிக் கவர்.

"நீதான் இந்த கம்ப்யூட்டர்ல ஏத்துன பொண்ணா?"

"ஆமா மிஸ்."

"ரொம்ப சந்தோஷம். முப்பது வருஷமா கணக்கு எடுக்கறேன். நான் படிக்கவே இல்லன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க."

விஷயம் இதுதான். அவரைத் தலைமையாசிரியை ஆக்க இருந்தார்கள். அதற்காகப் பள்ளி நிர்வாகம் சான்றிதழைச் சரிபார்க்க அனுப்பியது. "இப்பதிவெண்ணில் பதிவு இல்லை" என்று பதில் போனது. இப்போது பேச்சு தலைமையாசிரியை பதவியைப் பற்றி இல்லை. மார்க் ஷீட் போலியா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. அன்றைக்குப் பதில் இல்லையென்றால் சஸ்பெண்ட்.

"டேப் பழுது மிஸ். பழைய டேப், சில பேரோடது போயிடுச்சு" என்றேன். பல தடவை சொன்ன வாக்கியம், தடங்கலில்லாமல் வந்தது.

"பழுதுன்னா பழுதுன்னு எழுதணும். ஏன் இல்லன்னு எழுதினீங்க?"

சரிபார்ப்பு அம்மா, "அதுல ரெண்டே வார்த்தைதான் டீச்சர் வரும். இருக்கு, இல்ல" என்றார்.

"என்னோட படிச்சவ ஒருத்தி திருவெள்ளறை பக்கம் வேல பாக்கறா. அவளுக்கும் இதே கடுதாசி. டேப்பு என்ன, எங்க காலேஜ மட்டும் பாத்து தின்னுச்சா?"

மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். 8625034. தட்டினேன், இல்லை. அடுத்த எண், அதற்கு முந்தின எண், முந்தின வருஷம், பிந்தின வருஷம், எதிலும் இல்லை. கல்லூரி எண்ணை 24 என்று மாற்றினால் பெயர்கள் வந்தன. 26 என்றாலும் வந்தன. 25 மட்டும் ஒன்றுகூட இல்லை. பழுது இப்படி ஒழுங்காக இருக்காது என்பது எனக்கே தெரிந்தது. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன்.

"நாளன்னிக்கு வாங்க மிஸ்."

"நாளன்னிக்கு வியாழக்கிழமை. அதுக்கு மேல ஒரு நாள் கெடயாது, தெரியும்ல?"

தில்லைநகர் திரும்பி 'குப்பை'யைத் திறந்தேன். முன்பு மேலோட்டமாகப் பார்த்ததுதான். ஒற்றை எழுத்து மட்டும் உள்ள ஒரு வரி. அதன் கீழே, தலை போய் பெயர் முழுசாக உள்ள ஒரு வரி. மறுபடி ஓர் ஒற்றை எழுத்து. அந்த எழுத்துகள் டி, இ, எஃப், ஜி, எச் என்று மட்டுமே வந்தன. எப்சிடிக்கில் சின்ன எஃப் என்பது 86. இ என்பது 85. அவை குப்பை இல்லை, வருஷங்கள். அதற்கடுத்த பைட் கல்லூரி எண், 25. எப்சிடிக்கில் 25 என்ற பைட்டுக்கு "அடுத்த வரிக்குப் போ" என்று அர்த்தம். டிடி அதைக் கேட்டு நடந்திருந்தது. ஒரு கல்லூரி முழுவதும் வருஷத்துக்குப் பின்னால் முறிந்து, இரண்டு வரியாகி, குறைந்த வரி என்று நானே தள்ளியிருந்தேன். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கமும் ஒரு பைட் என்பதால், மற்ற கல்லூரிகளிலும் வரிசை எண் 250 முதல் 259 வரை இருந்தவர்கள் போயிருந்தார்கள்.

"கல்லுன்னு நெனச்சு பொறுக்கிப் போட்டது பூரா அரிசி" என்றான் மண்ணச்சநல்லூர்க்காரன், என் தோளுக்கு மேலாகப் பார்த்து. "நான் சொல்லலன்னா?"

"தெரியும். சும்மா இரு."

இரண்டிரண்டு வரியாக நடுவில் அந்த 25-ஐ வைத்து ஒட்டினேன். ஒவ்வொன்றும் சரியாக நூற்றிருபது வந்தது. நிஜமாகவே பழுதானவை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

மிச்சம் கடிதம். எங்கள் முதலாளி மென்மையான மனிதர். "பழுதான டேப்பிலிருந்து மீட்டெடுக்கப்பட்டதுன்னு போடும்மா. நமக்கும் பேரு, அவங்களுக்கும் வேலை முடிஞ்சுது" என்றார். கொஞ்ச நேரம் எனக்கும் அது பிடித்திருந்தது. அப்படியே ஒரு வரைவும் தட்டினேன். அதைக் கமிட்டியில் வாசிப்பது போல மனசில் ஓட்டிப் பார்த்தேன். எப்படி மீட்டார்கள், எதை வைத்து மீட்டார்கள் என்று யாராவது ஒருவர் கேட்பார். மீட்டது என்றாலே பாதிச் சந்தேகம் அப்படியே நிற்கும். வரைவை அழித்துவிட்டு, பதிவு ஆரம்பத்திலிருந்தே முழுமையாக இருந்தது, மாற்றும்போது எங்கள் நிரலில் நேர்ந்த பிழையால் விடுபட்டது என்று எழுதினேன்.

"அடுத்த ஆர்டர் போச்சுன்னா?"

"செஞ்சது நான்தான் சார். நானே போய்ச் சொல்லிடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்து போட்டார்.

வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலிருந்து நேராகவே தேர்வு அலுவலகம் போனேன். ஒண்ணாம் நம்பர் பஸ் பாலத்தில் நின்று நின்று போனது. டீச்சர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று அவரிடமும் சரிபார்ப்பு அம்மாவிடமும் சொன்னேன். டீச்சர் நடுவில் ஒரு கேள்வி கேட்டார்: "இருபத்தஞ்ச எண்ணுன்னு பாக்காம எழுத்துன்னு பாத்துட்ட?" ஆமாம் என்றேன். திட்டவில்லை. ஹோம் ஒர்க்கில் தப்பு எங்கே என்று கண்டுவிட்ட முகம், அவ்வளவுதான்.

ஒட்டிய பதிவுகளை அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சரிபார்ப்பு அம்மா எண்ணைத் தட்டினார். பெயர் வந்தது. கீழே மதிப்பெண்கள். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்து, கையிலிருந்த மார்க் ஷீட்டோடு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து ஒப்பிட்டார்.

"அல்ஜீப்ரா நாப்பத்தொண்ணு. சரியாதான் இருக்கு" என்றார். "இத மட்டும் டேப்பு தின்னிருக்கலாம்."

"ஸ்கூலுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று சரிபார்ப்பு அம்மா சிரித்தார்.

"நாளைக்குத் தெரிஞ்சுடும்."

பதிவு இருக்கிறது என்று அலுவலகம் கொடுத்த புதுக் கடிதத்தையும் எங்கள் கடிதத்தையும் இரண்டு தடவை படித்தார். சீல் மங்கலாக இருக்கிறதென்று இன்னொரு முறை குத்தச் சொன்னார். கவருக்குள் வைத்து எழுந்தவர், போகாமல் நின்றார்.

"இதே மாதிரி இல்லன்னு இன்னும் எத்தன பேருக்குப் போயிருக்கு?"

அதை நான் அந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. சரிபார்ப்பு அம்மா அலமாரியைத் திறந்து, தபால் அனுப்பும் பதிவேட்டை மேஜைமேல் வைத்தார். டீச்சருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தோழியின் பெயரை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதிவெண்களை வாசித்தேன். மூன்றாவது நாலாவது இலக்கம் 25 என்று வந்தபோதும், கடைசி மூன்று 250-லிருந்து 259-க்குள் வந்தபோதும் நிறுத்தினேன். சரிபார்ப்பு அம்மா முகவரியை எழுதினார். துண்டுச் சீட்டிலிருந்த பெயர் மூன்றாவது பக்கத்தில் இருந்தது.