முதுகைப் பார்க்க ஒரு ஆள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆபீசுக்கு எப்படி உடுத்துவது என்று எழுத எனக்கு என்ன தகுதி? பத்தாவது பாஸ். பதினோரு வருஷம் பனியன் கம்பெனியில், தைத்த பீஸில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றவள். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் பஸ் கதை, வீட்டுக் கதை என்று ஏதோ சொல்வேன். நீங்களும் பொறுத்துக்கொள்வீர்கள். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கை கேட்டு எழுதியிருக்கிறார் - 'ஆபீசுக்கும் பொருத்தமாக இருக்க வேண்டும், நான் நானாகவும் இருக்க வேண்டும். எப்படி அக்கா?'

தெரியாது தங்கை. போன வியாழக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று எங்கள் கம்பெனிக்கு பையர் வந்திருந்தார். பையர் என்றால் நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர். கையில் ஃபைலோடு அவர் பின்னாலேயே நடக்க வேண்டியது என் வேலை. சந்தன நிறச் சேலை, அதே நிறத்தில் ஜாக்கெட், மடிப்புக்கு மடிப்பு பின். ரொம்ப நாளைக்குப் பிறகு, 'நாமும் பார்க்கிற மாதிரி இருக்கிறோம்' என்று ஒரு நினைப்பு... கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்டாள். "ஏம்மா, உன்ற முதுகுல என்னது?"

உரித்துக் காட்டினாள். டி-ஷர்ட்டின் மார்பில் சைஸ் தெரிவதற்கு நீளமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோமே, அது. எக்ஸ்எல், எக்ஸ்எல், எக்ஸ்எல் என்று மேலிருந்து கீழே வரிசையாக!

"சைஸ் கரெக்டாத்தாம்மா ஒட்டியிருக்கறாங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

காலையில் பேக்கிங் செக்‌ஷனில் சாய்ந்தபோது ஒட்டியிருக்கும். அப்படியானால் பகல் முழுக்க அதோடுதான் நடந்திருக்கிறேன். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அதுகூடப் போகட்டும். செக்கிங் டேபிள் முன்னால் பத்து நிமிஷம் நின்றேனே... கனிக்கு நேராக முதுகைக் காட்டிக்கொண்டு! அவள் கண்ணுக்கு அது தப்புமா?

ஜெபக்கனி. உடன்குடிப் பக்கத்துக்காரி. பிழைக்க வந்து திருப்பூரிலேயே தங்கிவிட்டவள். பதினோரு வருஷமும் ஒரே டேபிளில் என் பக்கத்தில் நின்றாள். ஊசி ஓட்டை ஒன்று இருந்தால், பார்க்க வேண்டாம், தடவியே சொல்லிவிடுவாள்.

வேலை முடிந்தால் எங்கள் உடம்பெல்லாம் நூலும் பஞ்சும்தான். அதோடு பஸ் ஏறினால் நன்றாகவா இருக்கும்? கனி செலோ டேப்பை நாலு விரலில் திருப்பிச் சுற்றிக்கொண்டு அதட்டுவாள் - "ஏட்டி, திரும்பு! முதுகுல ஒரு தலையணைக்குப் பஞ்சு வச்சிருக்க." ஒற்றி ஒற்றி எடுப்பாள். பிறகு அவளுக்கு நான். ஒரு நாள் தவறியதில்லை.

என் ஜாக்கெட்டுகளையும் அவள்தான் தைத்தாள். கட்பீஸ் கடையில் எடைக்கு எடுத்த பனியன் துணி. பச்சைச் சேலைக்கு மஞ்சள், ஊதாவுக்கு ஆரஞ்சு. கை நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு ரிப் - டி-ஷர்ட் கையில் இழுத்தால் விரியுமே, அந்தப் பட்டி - வைத்துத் தருவாள். தூக்கினால் இழுக்காது, வியர்த்தால் ஒட்டாது. அந்த ரிப் கையைப் பார்த்தே, தூரத்தில் வருவது நான்தான் என்று லைனில் சொல்லிவிடுவார்கள். என் ஸ்டைல் என்று ஒன்று இருந்ததென்றால் அது அதுதான்.

அதே கம்பெனி ஆபீசில் ரிப்போர்ட் எழுத ஆள் கேட்டார்கள். கனி எட்டாவது, நான் பத்தாவது. அந்த இரண்டு வகுப்புதான் வித்தியாசம். "ஏட்டி, போயி ஏசிக் காத்து வாங்கு" என்று அவளே தள்ளிவிட்டாள்.

முதல் வாரமே ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டார். என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்த பெண். மரியாதையாகத்தான் சொன்னார். "சேலை தாராளமா கட்டுங்கக்கா. கலர் மட்டும் லைட்டா இருக்கட்டும். அப்புறம் இந்த ஜாக்கெட்... டி-ஷர்ட் கை மாதிரி இருக்குதுங்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

உலகத்துக்கே டி-ஷர்ட் போட்டுவிடும் ஊர் இது. அந்த ஊர் ஆபீசில் டி-ஷர்ட் கைக்கு இடமில்லை! இதை அன்றே சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வந்தால்தானே? டவுன் டெய்லரிடம் நாலு ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். கனியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

வெள்ளிக்கிழமை காலையில் பீரோவைத் திறந்தேன். ஊதாச் சேலை, ஆரஞ்சு ஜாக்கெட். டீ டைமில் செக்கிங்குக்குப் போனேன்.

"வாங்க மேடம்" என்றாள் கனி.

"யாருக்கு மேடம்? ஏம்புள்ள, நேத்து என்ற முதுகப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு சும்மாவா நின்ன?"

கையிலிருந்த பீஸைத் திருப்பி, பக்கத் தையலைப் பார்த்தாள். "நீங்க வெள்ளக்காரர்கூட நின்னிய. நான் வந்து ஆபிசுக்காரவிய முதுகத் தொட முடியுமா? அதுவும் டவுன்ல தச்ச ஜாக்கெட்டு. அழுக்காயிட்டுன்னா?"

பக்கத்து டேபிள் பெண் ஒருத்தி, "எக்ஸ்எல்லுன்னு உள்ளதத்தான போட்டிருந்துச்சு!" என்றாள். டேபிளே சிரித்தது. கனி சிரிக்கவில்லை.

"மேடம் சொன்னாங்க, நான் மாத்திக்கிட்டேன். உங்கிட்ட சொல்லியிருக்கோணும். தப்புதான் கனி."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா? ஒவ்வொரு நாளும் பாப்பேன், இன்னைக்காது போட்டுட்டு வருவாளான்னு."

அவள் பேச்சில் 'மேடம்', 'நீங்க' எல்லாம் போய்விட்டதை நான் கவனித்தேன். அவளும் கவனித்திருப்பாள். சட்டென்று குனிந்துகொண்டாள்.

மெதுவாகக் கேட்டேன். "இப்ப திரும்பட்டுமா? பஞ்சு கிஞ்சு இருக்குதான்னு பாரு."

"ஆபிசுல ஏதுங்க பஞ்சு?" என்றாள். பெல் அடித்துவிட்டது.

ஊதாச் சேலையோடு படியேறிப் போனேன். ஹெச்.ஆர். மேடம் நிமிர்ந்து பார்த்தார். "கலர் நல்லாருக்குதுங்கக்கா" என்றார். அவ்வளவுதான்! இத்தனை மாதமாக நான் பயந்தது இதற்குத்தானா? மேடம் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

தங்கை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பளிச்சென்று உடுத்துங்கள். உங்களுக்குப் பிடித்ததை ஒருவர் லேசாக முகம் சுளித்தார் என்பதற்காக உடனே கழற்றிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். இன்னொன்று. முன்பக்கத்தைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். முதுகுக்கு ஒரு மனுஷிதான் வேண்டும். ஆபீசில் எத்தனையோ பேர் நம் பின்னால் நடக்கிறார்கள்... 'ஏட்டி, திரும்பு' என்று அதட்ட எத்தனை பேர்?

மறுநாள் சனிக்கிழமை. அன்றோடு கனி வேலையை விட்டு நின்றுவிட்டாள். ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராகச் சேர்கிறாளாம். லைன் பெண்கள்தான் சொன்னார்கள்.